18 வயது ஆகாதவரின் சம்மதம்: டாக்டர்கள், நர்சுகள் உதவ முடியுமா?

வணக்கம். வளரிளம் பருவத்தினருக்காகச் சிறு கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் அவர்களே தங்கள் சிகிச்சைக்குச் சம்மதம் தரலாமா என்ற பகுதிக்கு உங்கள் உதவி வேண்டும்.

இங்கிலாந்தில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 16 வயதானவர் தானே சம்மதிக்கலாம். அதற்கும் கீழே என்றால், சிகிச்சையைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1985இல் கில்லிக் வழக்கில், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதே பிள்ளை வேண்டாம் என்றால் நீதிமன்றம் அதை மீறலாம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

என் கேள்வி நடைமுறை பற்றியது. அந்தப் பக்குவத்தை எப்படிக் கணிக்கிறீர்கள்? பக்கவிளைவுகளை அவர்கள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்வீர்களா? கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவீர்கள்? கூட வந்த அம்மாவை மனம் நோகாமல் வெளியே உட்காரச் சொல்வது எப்படி? அப்புறம், மனநல ஆலோசனைக்கு வந்த பிள்ளை "வீட்ல சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினால், எந்தக் கட்டத்தில் சொல்லியே ஆக வேண்டும்? இந்தப் பயத்திலேயே பலர் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடுகிறார்கள்; அதனால் இதற்கு மட்டுமாவது விரிவாகப் பதில் எழுதுங்கள். நோயாளியின் பெயரோ அடையாளமோ வேண்டாம்.