கலைச்சொல் உதவி: பட்ஜெட்டில் உறுப்பினர் கொண்டுவரும் ‘அமெண்ட்மெண்ட்’

சொல்தேடி எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம்.

இளங்கலை அரசியல் அறிவியல் மாணவர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆண்டு பட்ஜெட் பற்றிய பகுதியில் மூன்று சொற்களில் மாட்டிக்கொண்டேன்.

ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர், வரைவு பட்ஜெட்டில் ஒரு தொகையை மாற்றச் சொல்லிக் கொடுப்பது ‘அமெண்ட்மெண்ட்’. பட்ஜெட் நிறைவேறும் முன்பே, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையம் தன் வரைவைத் தானே மாற்றி அனுப்பினால் ‘அமெண்டிங் லெட்டர்’. நிறைவேறியதை ஆண்டின் நடுவில் மாற்றினால் ‘அமெண்டிங் பட்ஜெட்’. மூன்றுக்கும் ‘திருத்தம்’ என்றே போட்டு வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பின் வரிசையில் ஒரு மாணவி எழுந்து, “மேம், இதுல யார் யாரைத் திருத்துறாங்க?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

படிவம் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். மேலே கணக்குத் தலைப்பின் எண். கீழே அட்டவணை: ஆணையத்தின் வரைவுத் தொகை, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றம் வைத்த தொகை, உறுப்பினர் கேட்கும் கூட்டலோ கழித்தலோ, கடைசியில் புதுத் தொகை. எல்லாமே இரண்டு பத்திகளாக வரும். ஒன்று இந்த ஆண்டு ஒப்புக்கொள்ளும் செலவு, மற்றது இந்த ஆண்டு கையிலிருந்து போகும் பணம். 2024 பட்ஜெட்டில் முதலாவது சுமார் 18,940 கோடி யூரோ, இரண்டாவது சுமார் 14,260 கோடி. அடியில் இரண்டு மூன்று வரியில் காரணம். இந்தத் தாளுக்குத்தான் பெயர் வேண்டும்.

காவிரிக்கரை எழுதியது:

அம்மா, சட்டமன்றச் செயலகத்தில் பல வருஷம் தாள் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். நம்மிடம் ‘வெட்டுத் தீர்மானம்’ இருக்கிறது. மக்களவையில் அது மூன்று வகை: கொள்கையை எதிர்த்து மானியக் கோரிக்கையை, அதாவது ஒரு துறை கேட்கும் செலவுத் தொகையை, 1 ரூபாயாகக் குறைப்பது, சிக்கனத்துக்காக ஒரு தொகையைக் குறைப்பது, குறையைச் சொல்ல அடையாளமாக 100 ரூபாய் குறைப்பது. புழங்கித் தேய்ந்த சொல். அதை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் காய்ச்ச வேண்டும்?

சொல்தேடி எழுதியது:

ஐயா, நானும் முதலில் அதைத்தான் எடுத்தேன். ஆனால் நம் அரசியலமைப்பின் 113-ஆம் பிரிவுப்படி மக்களவை ஒரு மானியக் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. அங்கே உறுப்பினர் கூட்டியும் கேட்கலாம். மன்றம் குறைத்த தொகையை வரைவில் இருந்த அளவுக்கே மீட்கச் சொல்லும் தாள்கள் ஏராளம். கூட்டச் சொல்லும் தாளுக்கு ‘வெட்டு’ என்று பெயர் வைத்தால் பாடமே தலைகீழாகிவிடும்.

யாழ்வாசி எழுதியது:

அக்கா, ‘பட்ஜெட்’ என்றே ஏன் எழுத வேண்டும்? எங்கள் பக்கம் அரசாங்கத் தாளில் ‘வரவு செலவுத் திட்டம்’, பத்திரிகையில் ‘பாதீடு’. பாதீடு இன்று நேற்று வந்த சொல் இல்லை. தொல்காப்பியத்தில் வெட்சித் திணையின் துறைகளில் ‘தந்துநிறை’யை அடுத்து வருவது அதுதான். கவர்ந்த ஆநிரையை ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்துவது தந்துநிறை. அதை வீரருக்குப் பங்கிடுவது பாதீடு. 27 நாடுகள் போட்ட பணத்தை ஒரு மன்றில் வைத்துப் பங்கு பிரிக்கும் வேலைக்கு இதைவிடப் பொருந்திய சொல் உண்டா? ‘பாதீட்டுத் திருத்தம்’ என்று போடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

தம்பி, சொல் அழகு, மறுக்கவில்லை. ஆனால் வெட்சியில் பங்கிட்டது பிறர் மாட்டை. இங்கே அவரவர் போட்ட பணம். அதையும் விடுங்கள். ‘நிதிநிலை அறிக்கை’ என்று சொன்னாலே ‘பட்ஜெட்டா சார்?’ என்று திருப்பிக் கேட்கும் பிள்ளைகளுக்குப் பாடம் இது.

ஏர்முனை எழுதியது:

யாழ்வாசி சொல்வதே சரி. தமிழ்நாட்டுப் பிள்ளைக்குப் புரியாது என்று எத்தனை சொல்லைத்தான் பரணில் போடுவது? வகுப்பறையில் புழங்காத சொல் வேறெங்கே புழங்கப் போகிறது? ‘பட்ஜெட்’ மட்டும் என்ன, பழைய பிரெஞ்சில் தோல்பை என்ற பொருளில் இருந்து வந்த சொல்தானே. அந்தத் தோல்பை நமக்குப் புரிந்துவிட்டதா?

இன்னொரு வழியும் சொல்கிறேன். 385-ஆம் குறள் அரசின் வேலையை இயற்றல், ஈட்டல், காத்தல், வகுத்தல் என்று நான்காகச் சொல்கிறது. பட்ஜெட் என்பது அந்த நான்காவது. எனவே ‘வகுப்புத் திருத்தம்’.

காவிரிக்கரை எழுதியது:

ஐயையோ, வேண்டாம். ‘வகுப்பு’ என்றால் தமிழ்நாட்டில் வகுப்புவாரி உரிமைதான் நினைவுக்கு வரும். வகுப்புவாரி அரசாணை நீதிமன்றத்தில் விழுந்த பிறகு 1951-இல் அரசியலமைப்புக்கு முதல் திருத்தம் வந்ததே, ‘வகுப்புத் திருத்தம்’ என்று தேர்வில் கேட்டால் பிள்ளைகள் அதைத்தான் எழுதிவைப்பார்கள்.

ஏர்முனை எழுதியது:

சரி, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘திருத்தம்’ என்ற சொல்லையே நாம் குறைத்து நினைக்கிறோம். விடைத்தாளில் சிவப்பு மை என்றுதான் இப்போது தோன்றுகிறது. சங்கப் பாட்டில் ‘திருந்திழை’ என்றால் செப்பமாகச் செய்த அணி. எங்கள் தாத்தா மேட்டுக்காட்டைத் ‘திருத்தினார்’ என்றுதான் வீட்டில் சொல்வோம். கல்லைப் பொறுக்கி, வரப்புப் போட்டு, விளையவைத்தார் என்று அர்த்தம். தப்பைச் சரிசெய்தார் என்று அர்த்தமில்லை. உங்கள் பாடத்தின் தலைப்பில் இருக்கும் ‘சூப்ராநேஷனல்’ என்பதற்கும் ஒரு வழி உண்டு. மீகாமன், மீமிசை என்பவற்றில் உள்ள ‘மீ’யை எடுத்து ‘மீநாட்டு’ என்போம்.

சொல்தேடி எழுதியது:

தலைப்பில் ‘நாடுகடந்த’ என்று போட்டிருக்கிறேனே, அது போதாதா?

யாழ்வாசி எழுதியது:

போதாது அக்கா. எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் ஊரை விட்டு வெளியே போனவர்களின் நினைவுதான் வரும். நாடுகடத்தலுக்கும் அது பக்கத்தில் நிற்கிறது. இங்கே எவரும் எங்கும் கடக்கவில்லை. நாடுகளுக்கு மேலே ஒரு அமைப்பு, அவ்வளவுதான்.

காவிரிக்கரை எழுதியது:

‘மேல்நாட்டு’ என்றால் சீமை பட்ஜெட் ஆகிவிடும். ‘மீநாட்டு’ எழுத்தில் சரி. வகுப்பில் வாயால் சொல்லிப் பாருங்கள், ‘மீனாட்டு’ என்று விழும். நான் ‘நாடுகளுக்கு மேலான’ என்று விரித்தே எழுதுவேன்.

சொல்தேடி எழுதியது:

தலைப்பை அப்படியே மாற்றிக்கொள்கிறேன். உறுப்பினர் கொடுக்கும் தாளை ‘திருத்த முன்மொழிவு’ என்று போட்டுவிடலாமா? அவர் கொடுப்பதாலேயே எதுவும் மாறிவிடுவதில்லை. நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை வேண்டும். அதாவது 720 பேரில் 361. வாக்கு வரை அது முன்மொழிவுதானே?

யாழ்வாசி எழுதியது:

இதை மட்டும் அவசரப்பட்டு முடிக்காதீர்கள் அக்கா. 1970களின் ஒப்பந்தங்களில் செலவு இரண்டு வகை. கட்டாயச் செலவு, கட்டாயமல்லாத செலவு. கட்டாயமல்லாததை நாடாளுமன்றம் திருத்தலாம், முடிவுச் சொல்லும் அதனுடையதே. கட்டாயச் செலவில், அதாவது பெரும்பாலும் விவசாயச் செலவில், மாற்றத்தை ‘முன்மொழிய’ மட்டுமே முடியும். இரண்டுக்கும் ஒப்பந்தத்திலேயே இரண்டு பெயர். பணத்தின் பெரும்பகுதி விவசாயத்துக்குப் போன காலம் அது. 1979 ஜூனில் மக்கள் முதன்முறையாக நேரடியாகத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம், அந்த டிசம்பரிலேயே அடுத்த ஆண்டின் பட்ஜெட்டை மொத்தமாக நிராகரித்தது. அந்தக் கோபத்தில் இதற்கும் பங்குண்டு. 2009 டிசம்பர் 1-இல் லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் இந்தப் பிரிவினை போனது. இத்தனை ஆண்டு போராடி ‘முன்மொழிவு’ என்ற நிலையைக் கடந்தவர்களுக்கு அதே சொல்லை நாம் திருப்பிக் கொடுக்கலாமா?

சொல்தேடி எழுதியது:

இது எனக்குத் தோன்றவே இல்லை, தம்பி. இத்தனைக்கும் என் பாடத்திலேயே அந்த வரலாறு இருக்கிறது. ‘மாற்ற முன்மொழிவு’ என்று அங்கே எழுதியதும் நான்தான். அப்படியானால் அந்தச் சொல் பழைய கட்டாயச் செலவுக்கே இருக்கட்டும். இன்றைய தாளுக்குத் ‘திருத்தம்’; யாருடையது என்று சொல்ல ‘உறுப்பினர் திருத்தம்’. மற்ற இரண்டுக்கு?

ஏர்முனை எழுதியது:

வினைத்தொகை ஆக்குங்கள். ‘திருத்து பாதீடு’, ‘திருத்து மடல்’. ஊறுகாய், சுடுசோறு போல மூன்று காலமும் உள்ளே அடங்கும். வல்லினம் மிகாது, ‘திருத்துப் பாதீடு’ என்று மெய்ப்புத் திருத்துபவர் ஒற்றுப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

இதற்கு என் ஓட்டு உண்டு. ‘திருத்திய பட்ஜெட்’ என்று போட்டால் வரவு செலவை ஆண்டின் இடையில் மறுபடி கணித்துச் சொல்லும் நம் ‘திருத்திய மதிப்பீடு’ என்று நினைப்பார்கள், அது வேறு. ஆனால் ‘திருத்து பட்ஜெட்’ என்று எழுதுங்கள். பாதீடு வேண்டாம்.

சொல்தேடி எழுதியது:

வியாழன் இரவு 11 மணி. ‘உறுப்பினர் திருத்தம்’, ‘திருத்து மடல்’, ‘திருத்து பட்ஜெட்’ என்று அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘பட்ஜெட் எனும் பாதீடு’ என்று எழுதியிருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

ஏர்முனை எழுதியது:

ஒரே ஒரு இடத்திலா? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் மறுபடியும் கேட்பேன்.

யாழ்வாசி எழுதியது:

நானும் கேட்பேன். அக்கா, தொகை எதுவும் போடாமல் தலைப்பை மட்டும் திறந்துவைக்க ‘பி.எம்.’ என்று எழுதுவார்களே, நினைவுக்காக என்ற பொருளில். அந்த வரிக்கு என்ன போட்டீர்கள்?