கொடித்தண்ணீர்: முதல் வெட்டு மேலே

கோடையில் ஓடை வற்றிய பிறகும் மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகளில் தண்ணீர் தரும் கொடி, மலையாளிகள் புல்லாணி என்பது. இறகுப்பந்து மாதிரி ஐந்து இறக்கை விரித்த காய்கள் கொத்தாகத் தொங்கும். மணிக்கட்டுப் பருமனாவது உள்ள முதிர்ந்த கொடியைப் பாருங்கள். கைக்கு எட்டும் உயரத்தில் முதல் வெட்டு, முழங்கால் அளவில் இரண்டாவது. இதை மாற்றிச் செய்துவிட்டுத்தான் பலர் "வெறுங்கொடி" என்று திரும்புகிறார்கள். உச்சியில் இலைகள் நீரை இழுத்தபடியே இருக்கும். அடியை முதலில் அறுத்தால் காற்று உள்ளே போய், இருந்த நீரும் மேலே ஏறிவிடும். துண்டு நாலைந்து அடியாவது வேண்டும். ஒரு சாண் துண்டில் சொட்டு விழாது.

வாய் வைத்துக் குடிக்காதீர்கள், பட்டை பட்டால் அரிக்கலாம். பாத்திரத்தில் பிடியுங்கள். பால், சிவப்பு, கலங்கல் என்றால் கொட்டிவிடுங்கள். தெளிவாக இருப்பது மட்டும் சான்றாகாது. கொடி எது என்று தெரியாவிட்டால் தொடவே வேண்டாம்.

—

மேலே சொன்னதற்கு ஒரு சேர்க்கை. காப்புக்காட்டில் வெட்டுவது குற்றம், கொடி வெட்டுவது உயிராபத்துக்கு மட்டுமே. வெட்டாத வழி பை கட்டுவது. தெளிந்த பெரிய பாலித்தீன் பையை வெயில் விழும் இலையடர்ந்த கிளையில் மாட்டினால், இலைகள் விடும் ஆவி உள்ளே நீராகும். முதலில் கிளையை உதறிப் பூச்சியை விரட்டுங்கள். பையின் ஒரு மூலையில் கூழாங்கல் போட்டால் அது தாழ்ந்து, நீர் அங்கே சேரும். வாயைக் காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்தால் ஆவி தப்பிவிடும். மாலையில் ஒரு டம்ளர் கிடைத்தாலே பெரிது, எனவே பல பைகள் வேண்டும். அரளி, எருக்கு, கள்ளி கூடாது. சேராங்கொட்டை மரத்தை நெருங்கவே வேண்டாம், பால் பட்டால் தோல் கொப்பளிக்கும்.

—

கருமருது மரத்தை விட்டுவிட்டீர்களே. முதலைத்தோல் போன்ற பட்டை. சில மரங்களின் அடித்தண்டில் புடைப்பு இருக்கும், நீர் அதற்குள். எல்லா மரத்திலும் இராது. ஆந்திராவின் பாப்பிகொண்டா தேசியப் பூங்காவில் 2024 மார்ச்சில் வனத்துறையினர் பட்டையைக் கொத்திப் பார்த்தபோது தண்ணீர் பீய்ச்சியது. வழி சொன்னது அங்குள்ள கொண்டா ரெட்டிப் பழங்குடியினரின் அறிவு. வாடை தூக்கலாக இருக்கும், புளிக்கும்.

காட்டு வாழை என்றால் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, நடுவைக் கிண்ணமாகக் குடையுங்கள். ஊறும் முதல் இரண்டு மூன்று நிறைப்பு துவர்க்கும், இறைத்துவிடுங்கள். பிறகு இலையால் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் விடியும்போது எறும்புதான் மிதக்கும்.