மாறுபாடு வேண்டாம், வன்மை என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளிப்படக் கலைச்சொற்களைத் தமிழாக்கும்போது, இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடுகையில் வரும் கான்ட்ராஸ்டுக்கு, அதாவது கறுப்பும் வெள்ளையும் எவ்வளவு அழுத்தமாகப் பிரிந்து தெரிகின்றன என்பதற்கு, 'மாறுபாடு' போதும் என்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. அச்சிடும் ஒளியின் நிறத்தை மாற்றும் வடிகட்டியை (ஃபில்டர்) மாற்றினால் கான்ட்ராஸ்டும் மாறுகிற தாள் ஒன்று உண்டு. 1940இலேயே இல்ஃபோர்ட் நிறுவனம் அதை 'மல்டிகிரேட்' என்று வெளியிட்டது. அதை 'மாறும் மாறுபாட்டுத் தாள்' என்பதா? எது மாறுகிறது என்றே விளங்காது.

திருகோணமலையில் எனக்கு இந்த வேலை பழக்கியவர், "தம்பி, இது சொஃப்ட் நெகட்டிவ், ஹார்ட் பேப்பர் எடு" என்பார். கான்ட்ராஸ்ட் குறைந்தது சொஃப்ட், கூடியது ஹார்ட்; கான்ட்ராஸ்ட் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரித்துப் பழகிய நமக்கு இது புதிதா என்ன? கான்ட்ராஸ்ட் வன்மை ஆகட்டும். தாள்கள் மென்தாள், இடைத்தாள், வன்தாள். மல்டிகிரேட்டுக்குப் 'பல்வன்மைத் தாள்' என்றுதான் முதலில் எழுதினேன்; பல்லின் உறுதி என்று படிக்க இடமிருப்பதால் 'மாறுவன்மைத் தாள்' என்று திருத்திக்கொண்டேன்.

இந்தச் சொல் தாளின் இயல்புக்கும் பொருந்துகிறது. அதில் கலந்துள்ள எமல்ஷன்கள், அதாவது ஒளியை உணரும் பூச்சுகள், எல்லாம் நீல ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் உணரும். பச்சையை மட்டும் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் உணரும். நீலம் பட்டால் எல்லாம் சேர்ந்து கறுக்கும், படம் வன்மையாகும். பச்சை பட்டால் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுக்கும், நடுச் சாம்பல்கள் பெருகி மென்மையாகும். மஞ்சள் வடிகட்டி நீலத்தைத் தடுப்பதால் படம் மென்மையாகிறது; சிவப்பும் நீலமும் கலந்த நிறமான மெஜந்தா பச்சையைத் தடுப்பதால் வன்மையாகிறது.

திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டை மரநிழலில் எடுத்த மான்கள் வெறும் சாம்பலாக வந்திருந்தன. வன்மை கூடிய 4ஆம் வடிகட்டி போட்டுத்தான் கொம்பு பிரிந்து தெரிந்தது. டச்சுக்குடாவின் உச்சிவெயில் மணலுக்கோ மென்மையான 1ஆம் வடிகட்டி போதுமாக இருந்தது.

வடிகட்டியை 'நிற வடிகட்டி' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். கமராவில் மாட்டும் மஞ்சள், நீலவானத்தைக் கறுப்பாக்கி முகிலை எடுத்துக்காட்டும்; படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் என்லாஜரில் அதே மஞ்சள் படத்தை மென்மையாக்கும். கமராவில் இருப்பது நிற வடிகட்டி, என்லாஜரில் இருப்பது வன்மை வடிகட்டி. வன்மை வடிகட்டிகள் 00 முதல் 5 வரை பன்னிரண்டு உண்டு; எண் கூடினால் வன்மை கூடும். இந்த எண் குறிக்கும் கிரேடுக்குப் 'படி' சரிவரும்: இரண்டாம் படி, இரண்டரைப் படி.

மெஜந்தாவுக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.