தொலைநோக்கி மவுன்ட்டுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

திங்கள், தருமபுரி

குழுவினருக்கு வணக்கம். பள்ளி வானியல் மன்றத்துக்கு ஒரு கையேடு. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். "கனமான தொலைநோக்கியை எதன்மேல் ஏற்றுவது" என்ற பாடத்தில் சிக்கிக்கொண்டேன். எங்களுடையது பத்து அங்குல ஆடி, குழாய் மட்டும் 15 கிலோ. போன வாரம் சனிக்கோளைக் காட்டும்போது ஒரு பையனின் மூக்கு கண்வில்லையில் இடித்துவிட்டது. சனியின் வளையம் ஆடி அடங்க ஐந்தாறு விநாடி ஆயிற்று. கீழே முக்காலி, மேலே குழாய். நடுவில் தாங்கித் திருப்புகிற அந்த மவுன்ட்டுக்குத் 'தாங்கி' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

திங்கள் இரவு, ஓசூர்

எங்கள் பட்டறையில் தாங்கி என்றால் பேரிங். "தாங்கியில் உள்ள தாங்கி தேய்ந்துவிட்டது" என்று எழுதுவீர்களா?

செவ்வாய், அரூர்

துலா! கிணற்றுத் துலாவைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஒரு முனையில் வாளி, மறுமுனையில் கல், நடுவில் இருசு. எதிர் எடை தொங்கும் ஜெர்மன் வகை மவுன்ட்டும் அதுதானே? வானத்திலும் துலாம் ராசி உண்டு. பொருத்தம் தானாக அமைகிறது.

செவ்வாய் மாலை, பாலக்கோடு

துலா வடசொல், ஐயா. தராசுக்குத் 'தூக்கு' என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறதே.

செவ்வாய் இரவு, அரூர்

இருக்கிறது. பிள்ளைகளிடம் "தொலைநோக்கியைத் தூக்கில் ஏற்று" என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

புதன், கிருஷ்ணகிரி

சொல்லை விடுங்கள், முதலில் பொருளைப் பார்ப்போம். அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்க்கும் வகையில், சாய்வு ஊரின் அட்சரேகைக்குச் சமம். நமக்கு 12 பாகை சொச்சம், கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். குளிர்நாடுகளை மனதில் வைத்துச் செய்த பல மாதிரிகள் அவ்வளவு தாழாது. தாழ்ந்தாலும் எதிர் எடை தொங்கும் தண்டு முக்காலிக் காலில் முட்டும். வாங்குமுன் இதைக் கேளுங்கள். படம் எடுப்பதென்றால், பெட்டியில் போட்டிருக்கும் சுமையளவில் பாதிக்குமேல் ஏற்றாதீர்கள். காவலூர் வான்காணகத்தில் 2.3 மீட்டர் ஆடியைச் சுமக்க லாட வடிவ அமைப்பே தேவைப்பட்டது.

வெறுமனே பார்க்கத்தான் என்றால் அமெரிக்க வானியல் ஆர்வலர் ஜான் டாப்சன் பரப்பிய பலகைப் பெட்டி போதும். தரையிலேயே உட்காரும், ஆட்டம் குறைவு. அடியில் வழுக்கிச் சுற்ற மூன்று டெஃப்லான் துண்டு, நடுவில் ஒரு போல்ட்டு. எங்கள் பாட்டியின் ராகித் திருகையும் நடுமுளையில் இப்படித்தான் சுற்றும். 'திருகை' என்றே வைத்தால் என்ன?

புதன் இரவு, பாலக்கோடு

திருகை சுற்றும், நிமிராதே. அதில் வானம் பார்த்தால் அடிவானத்தோடு சரி.

வியாழன், தருமபுரி

நாளை அச்சு. திருகை அழகுதான், ஆனால் என் வகுப்பில் பாதிப்பேர் திருகையையே பார்த்ததில்லை. துலாவுக்கும் அதே கதி. சுமப்பது, சுற்றுவது இரண்டும் வர 'சுழல்தாங்கி' என்று போடுகிறேன். நான்கு பேர் சரி என்று தனிமடலில் சொன்னார்கள். அரூர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வியாழன் இரவு, அரூர்

பொறுத்தேன். அடுத்த பதிப்பில் துலா.

வியாழன் நள்ளிரவு, ஓசூர்

சுழல்தாங்கி என்றால் எங்கள் பட்டறையில் இன்னும் அழுத்தமாகப் பேரிங்தான்.