மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளி அனுபவித்த சலுகை எது?

செங்கோடன்:
அமெரிக்காவில் வெள்ளையராகப் பிறந்த எவரும், அவர் எத்தனை ஏழையாக இருந்தாலும், 'வெள்ளையினச் சலுகை' என்ற ஒன்றை அனுபவித்தே வாழ்கிறார் என்று நல்லினி அவர்கள் நேற்று எழுதியிருந்தார். அதற்கு அவர் காட்டிய சான்று ஒன்றே ஒன்றுதான். 1947ஆம் ஆண்டில் மிசிசிப்பியில், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய போர்வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்துடன் வழங்கப்பட்ட 3,229 கடன்களில் 2 மட்டுமே கறுப்பருக்குக் கிடைத்தன என்பது அந்தச் சான்று. இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் எரிச்சல்தான் வந்தது. மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் கூலியைப் பணமாகக்கூடக் கொடுக்கவில்லை. கம்பெனிக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் உலோக வில்லைகளாகக் கொடுத்தார்கள். 1921இல் பிளேர் மலையில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர்கள் துப்பாக்கி ஏந்தி நிற்க நேர்ந்தது. 1968இல் பார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேரும், 1972இல் பஃபலோ கிரீக்கில் கம்பெனி கட்டிய கழிவணை உடைந்து 125 பேரும் மாண்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். இவர்களை நசுக்கியது நிறம் அன்று, வர்க்கம். இவர்கள் அனுபவித்த சலுகை எது என்று அம்மையார் ஒரு வரியில் சொல்லட்டும்.

நல்லினி:
தோழர் செங்கோடன் எங்கள் யாருக்கும் தெரியாத செய்தியைச் சொல்வதுபோல் சுரங்க விபத்துகளைப் பட்டியலிடுகிறார். அவர்கள் துன்பப்படவில்லை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. 1944இல் வந்த போர்வீரர் நலச் சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் கடனைக் கொடுத்தது அரசு அன்று, உள்ளூர் வங்கி. அரசு உத்தரவாதம் மட்டுமே கொடுத்தது. வங்கியின் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவரும், போர்வீரர் அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கியவரும் வெள்ளையர்கள். கறுப்பர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று அரசு நிறுவனங்களே 1930களில் எழுதி வைத்திருந்தன. மிசிசிப்பி மக்களில் அன்று ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பர்கள். ஒரே போருக்குப் போய்த் திரும்பியவர்களில் அவர்களுக்குக் கிடைத்தவை 2 கடன்கள். இந்த 2ஐ வர்க்கத்தை மட்டும் வைத்து விளக்கிக் காட்டுங்கள்.

செங்கோடன்:
விளக்குகிறேன். முதலில் அது மிசிசிப்பி மாநிலம் முழுமைக்குமான கணக்கு அன்று. 13 நகரங்களில் எடுத்த கணக்கு. அதை மறைத்துவிட்டு 'மிசிசிப்பி' என்று எழுதுவது நேர்மையன்று. அடுத்து, மிசிசிப்பியின் கறுப்பர்களில் பெரும்பாலோர் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவர்கள். ஈடு வைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? அதே மாநிலத்தில் வாரத்துக்கு உழுத வெள்ளை விவசாயியும் வங்கிப் படியேறியவன் அல்லன். வாக்களிப்பதற்குத் தலைவரி கட்ட வேண்டும் என்று தென்மாநிலங்கள் சட்டம் போட்டபோது அவனும் வாக்கை இழந்தான். எஞ்சிய 3,227 கடன்களை வாங்கியவர்களில் நிலமில்லாத ஏழை வெள்ளையர் எத்தனை பேர்? அந்தக் கணக்கு உங்களிடம் இருக்கிறதா?

பாலாற்றங்கரை:
இருவரிடமும் ஒன்று கேட்கிறேன். சலுகை என்ற சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறீர்கள்? துன்பமே இல்லாமை என்றா, அல்லது குறிப்பிட்ட ஒரு துன்பம் மட்டும் நேராமை என்றா? இதைத் தெளிவுபடுத்தாமல் எண்களைச் சொல்லிக்கொண்டே போவதில் பயன் இல்லை.

நான் சில ஆண்டுகள் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மருத்துவமனையின் நுரையீரல் பிரிவில் வேலை பார்த்தேன். கரித்தூள் படிந்து நுரையீரல் கெட்ட ஒரு முதியவர் மாதந்தோறும் வருவார். ஒரு வாக்கியத்தை முடிக்க அவருக்கு மூன்று மூச்சு தேவைப்படும். தந்தைக்குக் கூலியாகக் கிடைத்த, நடுவில் துளையிட்ட பித்தளை வில்லை ஒன்றைச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருந்தார். ஊசி போடும்போது அதை விரல்களால் உருட்டிக்கொண்டே இருப்பார். தந்தையோடு கறுப்பர்களும் ஒரே குழியில் இறங்கினார்கள் என்றும், மேலே வந்தபின் குளித்த இடம் வேறு வேறு என்றும் அவரே ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு, 'அப்போது எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை' என்றார். இதை எந்தப் பக்கத்துக்குச் சான்றாக வைப்பது என்று எனக்கே விளங்கவில்லை.

செங்கோடன்:
நண்பர் பாலாற்றங்கரை என் வாதத்தை என்னைவிட நன்றாக எடுத்துரைத்துவிட்டார். மூச்சு வாங்க முடியாத அந்த முதியவரிடம் போய் 'நீங்கள் சலுகை பெற்றவர்' என்று சொல்லும் துணிவு இங்கே யாருக்கு இருக்கிறது? 13 நகரங்களின் கணக்கைப் பற்றி நல்லினி அவர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.

நல்லினி:
தோழர் பாதியைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிட்டார். குளித்த இடம் வேறு என்று அந்த முதியவர் சொன்னது அவர் கண்ணில் படவில்லை. சரி, மேற்கு வர்ஜீனியாவிலேயே நிற்போம். 1930இல் காலி பிரிட்ஜ் என்ற ஊரின் அருகே மலையைக் குடைந்து ஹாக்ஸ் நெஸ்ட் நீர்ச்சுரங்கம் வெட்டினார்கள். பாறையெல்லாம் சிலிக்கா என்ற மணற்கனிமம். தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்காமல், முகமூடியும் கொடுக்காமல் துளைபோட வைத்ததால் நூற்றுக்கணக்கானோர் நுரையீரல் கெட்டு மாண்டார்கள். குடைவுக்குள் வேலை செய்தவர்களில் பெரும்பான்மையர் தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பர்கள். அவர்களை வெள்ளையர் இடுகாட்டில் புதைக்க இடம் தராததால், பலரைச் சோளக்கொல்லையில் புதைத்தார்கள். ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு என்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? ஒரே வர்க்கம், ஒரே மாநிலம், ஒரே தூசி. செத்தபின் மண் மட்டும் வேறு. அந்த 2ஐயும் இன்னும் நீங்கள் விளக்கவில்லை.

புலவர் ஆதிரையன்:
விவாதத்தின் இடையே வருவதற்குப் பொறுத்தருள்க. 'கறுப்பர்' என்று இருவரும் வல்லின றகரமிட்டு எழுதுகிறீர்கள். நிறத்தைக் குறிக்கும்போது 'கருப்பு' என்பதே பொருந்தும். கருமை என்பதே வேர். வல்லின றகரம் சினத்தைக் குறிக்கும். ஒரு மக்களைச் சினத்தின் பெயரால் அழைப்பது முறையன்று.

செங்கோடன்:
புலவர் ஐயா, 'கறுப்பு' சினத்துக்கும் நிறத்துக்கும் உரிய சொல் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. சென்ற ஆண்டு 'நீக்ரோ' என்ற சொல்லைப் பற்றி எழுந்த விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் இடையில் நுழைந்து, பேச்சை எழுத்துப் பிழைக்குத் திருப்பினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

புலவர் ஆதிரையன்:
நானும் மறக்கவில்லை. அன்று என்னை 'இலக்கணப் போலீஸ்' என்று நீங்கள் எழுதியதற்கு இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை.

ஒளியன்:
நான் செயின்ட் லூயிஸ் நகருக்கு வெளியே வீடு வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பதிவின்போது பழைய மூலப்பத்திரத்தின் நகல் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தட்டச்சு எழுத்து மங்கியிருந்தது. இந்த மனையில் கௌகேசிய இனத்தவரை, அதாவது வெள்ளையரை, தவிர வேறு எவரும் குடியிருக்கலாகாது, அவர்களிடம் வேலை பார்க்கும் வீட்டு வேலையாட்கள் மட்டும் விதிவிலக்கு என்பது அதில் ஏழாவது நிபந்தனை. நான் அதைச் சமையலறை மேசையில் வைத்துப் படித்தபோது என் மகள் எதிரே அமர்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இதே நகரத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் வரி அப்படியே பத்திரத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய இந்தியரான பகத் சிங் திண்டுக்கு, அவர் 'வெள்ளையர்' அல்லர் என்று சொல்லி 1923இல் குடியுரிமை மறுத்தார்கள். அன்று நான் இங்கே வந்திருந்தால் இந்த வீட்டில் சமையல்காரனாக மட்டுமே படுத்து எழுந்திருக்க முடியும். செங்கோடன் சொல்லும் சுரங்கத் தொழிலாளி பணம் சேர்த்திருந்தால் உரிமையாளராகவே வந்திருக்கலாம். வேறுபாடு இவ்வளவுதான்.

செங்கோடன்:
'பணம் சேர்த்திருந்தால்' என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! கம்பெனி வில்லையைச் சேர்த்து யார் வீடு வாங்கினார்? நீங்கள் சொல்லும் அந்த 'இருந்தால்' என்பதற்குள்தான் வர்க்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நீங்களோ 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் திறந்துவிட்ட வாசல் வழியாகப் பட்டத்தோடும் விசாவோடும் வந்து, நல்ல பள்ளி இருக்கும் வட்டாரமாகப் பார்த்து வீடு வாங்கியவர். ஊரில் எந்தச் சாதி, எந்தக் கல்லூரி என்று யாரும் உங்களைக் கேட்பதில்லை. மேற்கு வர்ஜீனியாவின் அப்பலாச்சிய மலையில் பல் இல்லாமல் வாழ்கிறவனைவிடத் தாம் ஒடுக்கப்பட்டவர் என்று நீங்கள் பேசுவதை என்னால் ஏற்க இயலாது.

ஒளியன்:
யாரைவிடவும் ஒடுக்கப்பட்டவன் என்று நான் எழுதவில்லை. என் தந்தை கோவையில் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலையை மூடியபோது அவருக்கு வரவேண்டிய பணம் வரவே இல்லை. வர்க்கம் என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நான் சொன்னது பத்திரத்தில் இருந்த ஒரு வரி. அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நல்லினி:
ஈடு வைக்க நிலம் இல்லாததுதான் காரணம் என்பது தோழரின் வாதம். அப்படியானால் நிலமும் ஈடும் தேவைப்படாத ஓர் இடத்துக்குப் போவோம். டீவா பேஜர் என்ற சமூகவியலாளர் மில்வாக்கியில் ஓர் ஆய்வு நடத்தி 2003இல் வெளியிட்டார். ஒத்த தகுதியுள்ள இளைஞர்களைத் தொடக்க நிலை வேலைகளுக்கு விண்ணப்பிக்க அனுப்பினார். சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையரை 100க்கு 17 முதலாளிகள் திரும்ப அழைத்தார்கள்; எந்தக் குற்றமும் இல்லாத கறுப்பரை 14 பேர்தான் அழைத்தார்கள். இரு தரப்பும் ஒரே படிப்பு, ஒரே வகை வேலை. இங்கே வர்க்கம் எங்கே ஒளிந்திருக்கிறது? 1957இல் பென்சில்வேனியாவில் வெள்ளையர் குடியிருப்பான லெவிட்டவுனில் குடியேறிய மயர்ஸ் என்ற கறுப்பர் குடும்பம் ஏழைக் குடும்பமும் அன்று. பில் மயர்ஸ் போரில் பணியாற்றியவர், வேலையில் இருந்தவர், வீட்டை விலை கொடுத்து வாங்கியவர். ஆயினும் நாள்கணக்கில் கும்பல் கூடிக் கல்லெறிந்தது.

செங்கோடன்:
இன வெறுப்பு இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? கறுப்பருக்கு இழைத்த அநீதியை அநீதி என்றே சொல்லுங்கள். முழு மனத்தோடு உடன் நிற்பேன். கல்லெறி படாமல் இருப்பது மனிதனின் உரிமை. அதைச் 'சலுகை' என்று பெயர் மாற்றி ஏழை வெள்ளையனின் கணக்கில் வரவு வைக்கிறீர்களே, அதைத்தான் எதிர்க்கிறேன். உரிமையைச் சலுகை என்று அழைத்தால், எல்லாருக்கும் கொடு என்று கேட்கும் போராட்டம் போய், இருப்பவனிடமிருந்து பிடுங்கு என்ற சண்டை வந்துவிடும். அதில் மகிழ்கிறவர் சுரங்க முதலாளி ஒருவரே.

மார்ட்டின் லூதர் கிங் கொலையுறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1968 பிப்ரவரியில், ஆற்றிய பேருரையில் பர்மிங்காம் சிறையின் வெள்ளைக் காவலர்களைப் பற்றிச் சொன்னார். அவர்களிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டாராம். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும், 'நீங்களும் எங்களோடு ஊர்வலம் வர வேண்டியவர்கள்' என்றாராம். அவர் அவர்களைச் சலுகை பெற்றவர்கள் என்று சொல்லவில்லை. ஏழைகள் என்றுதான் சொன்னார்.

நல்லினி:
அதே பேருரையில் அடுத்து அவர் சொன்னதை ஏன் விட்டுவிட்டீர்கள்? தோல் வெள்ளையாக இருக்கிறது என்ற மனநிறைவு ஒன்றைக்கொண்டே நீங்கள் வாழ்கிறீர்கள் என்ற பொருளில் அதே காவலர்களைப் பற்றி அவர் சொன்னார். அந்த மனநிறைவுக்குத்தான் நான் பெயர் வைத்திருக்கிறேன்.

செங்கோடன்:
மனநிறைவை உலையில் போட்டுச் சோறாக்க முடியாது, அம்மா. கிங் அதை ஏமாற்று என்ற பொருளில் சொன்னார். நீங்கள் அதைச் சொத்தாக எழுதுகிறீர்கள். இவ்வளவு பேசியும் 13 நகரங்களின் கணக்கை மாநிலக் கணக்காகக் காட்டியது பிழை என்று ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனம் வரவில்லை.

பாலாற்றங்கரை:
நான் கேட்ட கேள்விக்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நல்லினி:
13 நகரங்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த 13 நகரங்களிலும் கறுப்பர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் பள்ளி ஆசிரியரும் கடை வைத்திருந்தவரும் போரிலிருந்து திரும்பியவரும் இருந்தார்கள். 3,229இல் அவர்களுக்கு 2. தோழர் நகரங்களை எண்ணுகிறார்; நான் மனிதர்களை எண்ணுகிறேன்.

செங்கோடன்:
மனிதர்களை எண்ணுவதாகச் சொல்கிறவர் எஞ்சிய 3,227ஐயும் எண்ண வேண்டும். அதில் ஆலை முதலாளியின் மகன் எத்தனை பேர், வாரத்துக்கு உழுதவனின் மகன் எத்தனை பேர் என்று பிரித்துக் காட்டுங்கள். அதுவரை நாள்தோறும் இங்கே வந்து இதே கேள்வியைக் கேட்பேன்.

நல்லினி:
நாள்தோறும் வாருங்கள். வரும்போது அந்த 2க்கான விளக்கத்தையும் கொண்டு வாருங்கள்.