செம்புலப் பெயல்நீரில் ஒரு ‘ஆனால்’

கரிசல்மண்: குறுந்தொகை 40ஆம் பாட்டுக்கு என் மகள் பொருள் எழுதினாள்: “என் தாயும் உன் தாயும் யாரோ, ஆனால் நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன.” பாட்டில் ‘ஆனால்’ இல்லை என்று ஆசிரியர் ஒரு மதிப்பெண்ணை வெட்டிவிட்டார். முழுக்க மகிழ்ச்சி மற்றும் பெருமிதம் பொங்கும் பாட்டு. அந்தத் திருப்பத்தை ‘ஆனால்’ இல்லாமல் எப்படி எழுதுவதாம்?

உம்மைத்தொகை: வெட்டிய கைக்குத் தங்க மோதிரம் போட வேண்டும். மகிழ்ச்சிப் பாட்டா? யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னது என்று பாட்டோடு வரும் துறைக் குறிப்பைப் படித்தீர்களா? ‘பிரிவர்’ என்று அஞ்சிய தலைவியின் முகம் மாறியதைக் கண்டு தலைவன் சொல்வது அது. எதிரே நிற்பவள் நடுங்குகிறாள், உங்களுக்குக் கொண்டாட்டமாகத் தெரிகிறது.

பழையபேனா: துறைக் குறிப்பு புலவர் எழுதியதல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. அதை வைத்து அடுத்தவரை மிரட்டாதீர்கள்.

உம்மைத்தொகை: குறிப்பை விடுங்கள், பாட்டையே பாருங்கள். “யாயும் ஞாயும் யாரா கியரோ / எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர் / யானும் நீயும் எவ்வழி அறிதும்”. தாய், தந்தை, நாம் என்று மூன்று அடிகளில் மூன்று கேள்விகள். ஒன்றுக்கும் பதில் இல்லை. நேரே மழை பெய்கிறது, நெஞ்சம் கலந்துவிடுகிறது. ‘ஆனால்’ போட்டால் தலைவன் வழக்காடுகிறவன் ஆகிவிடுவான். பயந்தவளிடம் யாரும் வழக்காடுவதில்லை.

கரிசல்மண்: ஏ.கே. ராமானுஜன் 1967இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் கடைசிப் பகுதியை ‘ஆனால்’ என்றுதான் தொடங்கினார். அவருக்கும் மதிப்பெண் வெட்டுவீர்களா?

உம்மைத்தொகை: வெட்டுவேன். ‘பிரிக்கவே முடியாதபடி’ என்று மூலத்தில் இல்லாததையும் சேர்த்தவர் அவர். ஆங்கிலத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். இதைப் பாடிய செம்புலப்பெயனீரார் ஆங்கிலத்தில் பாடவில்லை.

மழைக்காகிதம்: இணைப்பது ‘உம்’ மட்டும்தான். மூன்று அடிகளில் ஏழு ‘உம்’ வருகிறது, எண்ணிப் பாருங்கள்.

உம்மைத்தொகை: ஆறு. யாயும், ஞாயும், எந்தையும், நுந்தையும், யானும், நீயும். ‘அறிதும்’ வினைமுற்று. அதில் இருப்பது தன்மைப் பன்மை விகுதி, உம்மை அல்ல. தொல்காப்பியர் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருள் சொன்னார். ஒன்பதாவதாக உங்களுடையதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மழைக்காகிதம்: ஒரு எழுத்துக்கு இவ்வளவு ஏளனமா? போன மாதம் புறநானூற்று விவாதத்தில் நீங்கள் திணையையே மாற்றி எழுதினீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை.

உம்மைத்தொகை: அது தட்டச்சுப் பிழை. அன்றே சொன்னேன்.

கரிசல்மண்: நான் கேட்டது ‘ஆனால்’ பற்றி. பரீட்சையில் பொருள் எழுது என்றால் பிள்ளை உரைநடையில்தானே எழுத வேண்டும்? உரைநடையில் இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கச் சொல் வேண்டாமா?

உம்மைத்தொகை: “நாம் எவ்வகையிலும் உறவில்லை. செம்மண்ணில் விழுந்த மழைநீர்போல நெஞ்சங்கள் தாமே கலந்துவிட்டன.” எழுதிவிட்டேன், ‘ஆனால்’ எங்கே? மூலத்தில் ‘தாம்’ நிற்கிறது. யாரும் கலக்கவில்லை, தாமாகக் கலந்தன. அதைத்தான் உங்கள் மகள் விட்டுவிட்டாள். நானாக இருந்தால் அதற்கும் ஒரு மதிப்பெண் வெட்டியிருப்பேன்.

பழையபேனா: முற்றுப்புள்ளி வைத்துத் தப்பித்துவிட்டீர்கள். இணைக்கவே இல்லையே!

உம்மைத்தொகை: இணைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் பதிவைப் பாருங்கள். ‘மகிழ்ச்சி மற்றும் பெருமிதம்’. ஆறு உம்மை வரும் பாட்டைப் பேச வந்தவருக்கு ‘மகிழ்ச்சியும் பெருமிதமும்’ என்று எழுத வரவில்லை.

கரிசல்மண்: ‘மற்றும்’ செய்தித்தாளில் தினமும் வருகிறது.

உம்மைத்தொகை: வருகிறது. அதனால்தான் செய்தித்தாளை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

மழைக்காகிதம்: ஏழு.