விளம்பரம் தொடங்கியதும் ஒலி கூடுவது போலத் தோன்றுவது ஏன்?

கேள்வி:
என் அம்மா இரவுத் தொடரைப் பார்க்கும்போது, மெல்லப் பேசும் வசனங்களும் காதில் விழ வேண்டும் என்று ஒலியை 22 வரை கூட்டி வைப்பார். இடைவேளை வந்ததும், பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை வீறிட்டு எழுந்துவிடுகிறது. நிலையத்தினர் ஒலியைக் கூட்டுகிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு நாள் இரண்டையும் பதிவுசெய்து கணினியில் அலைவடிவத்தைப் பார்த்தபோது, இரண்டின் உச்சமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் இருந்தது. பிறகு ஏன் காதுக்கு அவ்வளவு வேறுபாடு தெரிகிறது?

மறுமொழி 1:
நான் ஒலிக்கலவைப் பணியில் இருப்பவன். அந்த அலைவடிவத்தை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். தொடரின் பகுதியில் மேடும் பள்ளமும் மாறிமாறி வரும், விளம்பரத்தின் பகுதியோ செங்கல் அடுக்கியதைப் போல நிரம்பி நிற்கும். கம்ப்ரஸர் என்னும் கருவி உரத்த இடங்களை அமுக்கிவிடுவதால், மொத்த ஒலியையும் உயர்த்த இடம் கிடைக்கிறது. உச்சம் அதே இடத்தில் நிற்க, மெல்லிய மூச்சொலிகூட மேலே வந்துவிடுகிறது. நம் காது நொடிநேர உச்சத்தைவிடச் சராசரியையே உரப்பாக உணர்கிறது. அதோடு, 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் செவிப்புலன் மிகக் கூர்மையானது என்பதால், குரலின் அந்தப் பகுதியைச் சற்றே தூக்கிவிட்டாலும் சொற்கள் துளைத்துக்கொண்டு வரும். விளம்பரதாரர் பலர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே. ஆனால் கவனத்தை ஈர்ப்பது உரப்பு மட்டுமன்று, மாற்றமும்தான். ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியை நாம் கவனிப்பதில்லை. அது நின்றால் உடனே நிமிர்ந்து பார்க்கிறோம். இசையை நிறுத்தி, சூடான எண்ணெயில் கடுகு வெடிக்கும் ஓசையை மட்டும் ஒலிவாங்கிக்கு மிக அருகில் பிடித்துக் கேட்கவிடும் விளம்பரம், அடுப்படியில் இருப்பவரையும் திரும்ப வைக்கும். நல்ல மெட்டு கத்தாமலே நெடுங்காலம் நிற்கும் என்பதற்கு டைட்டன் கடிகார விளம்பரத்தைச் சொல்வேன்: மொசார்ட் 1773-இல் இயற்றிய 25-ஆவது சிம்பொனியிலிருந்து எடுத்த இசை அது. ஏ. ஆர். ரகுமான் 2002-இல் ஏர்டெல்லுக்கு அமைத்த இசையோ, திரையைப் பார்க்காதவருக்கும் நிறுவனத்தின் பெயரை நினைவூட்டியதுடன், எத்தனையோ பேரின் அலைபேசி அழைப்பொலியாகவும் ஆனது. குழந்தையை எழுப்பும் இரைச்சலை எண்ணும்போது, இந்த வழியைத்தான் எல்லோரும் பின்பற்றக் கூடாதா என்று மனம் ஆதங்கப்படுகிறது.

மறுமொழி 3:
சட்டத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் விளம்பரத்தின் சராசரி உரப்பு நிகழ்ச்சியினுடையதை மிஞ்சக் கூடாது என்னும் விதி 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 2010-இல் உச்சத்தை விட்டுவிட்டுச் சராசரி உரப்பை அளவுகோலாக்கி, மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) என்று இலக்கு வகுத்தது. இந்தியாவில் 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள், விளம்பரம் மிகையாக உரத்து ஒலிக்கக் கூடாது என்று சொல்கின்றன. ஆனால் எது மிகை என்பதற்கு அந்த விதியில் எண் இல்லை. உங்கள் தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் தானியங்கி ஒலிச்சமன் அல்லது இரவு முறை என்று ஏதேனும் இருந்தால் இயக்கிப் பாருங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இரவு முறையை இயக்கியபின், 16-இலேயே வசனம் தெளிவாகக் கேட்கிறது என்கிறார் அம்மா. நேற்றைய இடைவேளையில் குழந்தை புரண்டு படுத்ததோடு சரி, விழிக்கவில்லை.